நான்கு முறை பழுது பார்த்தும் தேறாத புது ஃபைபர் படகு: விலையைத் திரும்பப் பெறும் வழி

கேள்வி இதுதான். 28 அடி ஃபைபர் படகை அவுட்போர்டு என்ஜினோடு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இரண்டாம் மாதமே என்ஜின் மாட்டும் பின்பலகையில் விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. டீலர் நான்கு முறை எடுத்துப்போய் ஃபைபர் ஒட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் சில வாரத்தில் அதே இடம் மறுபடி பிளந்தது. இப்போது, "இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, படகையே மாற்றித் தருவதாக வாரண்டியில் எங்கும் இல்லை" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் வாரண்டி அட்டையைக் காட்டி அல்ல.

டீலர் சொல்வதில் பாதி உண்மை. வாரண்டி அட்டைகளில் பெரும்பாலும் இருப்பது, "பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவோம், இல்லாவிட்டால் அந்தப் பாகத்தை மாற்றித் தருவோம்" என்ற ஒரு வரிதான். 2006-ல் மாருதி உத்யோக் நிறுவனத்தின் கார் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரியை எழுத்துப்படியே எடுத்துக்கொண்டது: வாரண்டி பாகத்தை மாற்றுவதோடு நிற்கிறது, அதை வைத்து முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான். "வாரண்டி இருக்கிறது, மாற்றிக் கொடு" என்று மட்டும் எழுதிய மனு ஐந்தாவது ஒட்டுக்குத்தான் வழி செய்யும்.

விலையைத் திரும்பக் கேட்கும் உரிமை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பொருளின் தரத்திலோ, அளவிலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய நிலையிலோ எந்தக் குறை இருந்தாலும் அது "குறைபாடு" என்று பிரிவு 2(10) சொல்கிறது. அது நிரூபணமானால் குறையை நீக்கச் சொல்லவும், அதே வகையில் குறையில்லாத புதுப் பொருள் தரச் சொல்லவும், விலையை வட்டியோடு திருப்பச் சொல்லவும் பிரிவு 39 நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. இரண்டாவது, சரக்கு விற்பனைச் சட்டம் 1930. எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே, அந்தத் தொழிலில் இருப்பவர் விற்றால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் உள்ள நிபந்தனை என்கிறது அதன் பிரிவு 16. கடலில் ஓட்ட முடியாத கடல் படகு அந்த நிபந்தனையை மீறியதுதான். அட்டையே கொடுக்காமல் வாய்வார்த்தையில் விற்ற கரையோரப் பட்டறைகளையும் இது கட்டுப்படுத்தும்.

2010-ல் ஃபியட் இந்தியா நிறுவனம் தொடர்பான வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், சார்பில்லாத தொழில்நுட்ப நிபுணர் வண்டியில் உற்பத்திக் கோளாறு இருப்பதாகச் சொன்னால் விலையை 12 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும் என்றது. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை திரும்புவதும் திரும்பாததும் பிறவிக் கோளாறு என்று சொல்லும் நிபுணர் அறிக்கையில்தான் தொங்குகிறது. உங்கள் முயற்சி முழுவதும் அந்த அறிக்கையை நோக்கியே இருக்கட்டும்.

எத்தனை முறை பழுது பார்த்தால் "சரிசெய்ய முடியாதது" ஆகும்? நம் சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கார்களுக்கு இத்தனை முயற்சி, இத்தனை நாள் என்று தனிச் சட்டம் உண்டு. இங்கே அப்படி ஒன்று கிடையாது. விற்றவருக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தீர்களா, அதே பழுது திரும்பியதா என்றுதான் ஆணையம் பார்க்கும். அதே இடத்தில் நான்கு முறை என்பது தாராளமான வாய்ப்பு. அந்த நான்கும் ஒரே பழுதுக்காக என்று தாளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை கசிவு, ஒரு தடவை ஸ்டார்ட்டர், ஒரு தடவை பெயின்ட் என்றிருந்தால் அது சாதாரண சர்வீஸ் என்று வாதாடுவார்கள்.

இனி படகுக்கு வருவோம். எது உண்மையிலேயே சரிசெய்ய முடியாதது, எது சரியாகச் செய்யப்படாதது என்ற வித்தியாசம் தெரியாமல் நோட்டீஸ் அனுப்பக் கூடாது.

பின்பலகை என்பது பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். என்ஜின் போல்ட் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைக்காவிட்டாலோ, பிளைவுட்டின் விளிம்பை ரெசினால் மூடாவிட்டாலோ தண்ணீர் உள்ளே போய், பலகை ஊறி, பஞ்சாகிவிடும். சோதிப்பது எளிது. என்ஜினின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால் உள்பலகை போய்விட்டது. சிறு சுத்தியலின் கைப்பிடியாலோ நாணயத்தாலோ தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், கெட்டுப்போன இடத்தில் மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்கும் பகுதியைச் சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். மாதம் ஒரு முறை இதையே செய்தால் கோடு விரிவது தெரியும். ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; அந்தக் கோடு அவர்களுக்கும் புரியும்.

உங்கள் படகில் போட்ட ஒட்டுகள் ஏன் நிற்கவில்லை? ஈரமான பிளைவுட்டில் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது. இறுகிப்போன பழைய ஃபைபர் மேல் புது ஃபைபர் வேதி வினையால் ஒட்டுவதில்லை. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் முறையான வேலையில் உள்தோலை வெட்டி எடுத்து, ஊறிய பலகையை முழுதும் அகற்றி, காயவிட்டு, விளிம்பைத் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவாகத் தேய்த்துவிட்டு அடுக்கு போட வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் சரிவு. வெளியிலிருந்து இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டிப் பெயின்ட் அடித்தால் அது விரிசலுக்குத் திரை போடுவது மட்டுமே.

இங்கே ஒரு சிக்கல் வரும். பின்பலகை மட்டும்தான் கெட்டது என்றால், "இது சரிசெய்யக் கூடியதே, இன்னொரு வாய்ப்பு கொடுங்கள்" என்று பட்டறைக்காரர் ஆணையத்தில் சொல்வார். அது தொழில்நுட்பப்படி பொய் இல்லை. அதற்கு உங்கள் பதில்: நான்கு வாய்ப்பு தரப்பட்டது, நான்கிலும் உள்பலகையைத் திறக்கவே இல்லை, முடியாது என்று அவர்களே கைவிரித்தார்கள். டீலர் கைவிரித்ததை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டியது இதற்காகத்தான்.

படகின் உடலான ஃபைபர் அடுக்கே கெட்டிருந்தால் கதை வேறு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்டனர் சேர்ப்பது வழக்கம். மழைக்கால ஈரத்தில் நனைந்த மேட்டை வைத்தாலோ, ஹார்டனரைக் குறைத்தாலோ ரெசின் முழுதாக இறுகாது. மாதங்கள் கழித்தும் உள்ளே ரெசின் வாடை அடிக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் உள்பரப்பைத் துடைத்தால் பிசுபிசுக்கும். பார்கால் என்ற கையடக்கக் கருவியால் கடினத்தைப் பார்த்தால், நன்றாக இறுகிய அடுக்கு 40-ஐ ஒட்டிக் காட்டும். பல இடங்களில் 30-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். அடிப்பகுதி முழுதும் இப்படி இருந்தால் எந்த ஒட்டும் உதவாது. அடுக்குக்கு அடுக்கு பிரிந்து அது அடி முழுவதும் பரவியிருந்தாலும் அப்படித்தான்.

அச்சிலிருந்து சீக்கிரம் எடுத்ததால் முறுக்கிக்கொண்ட படகு இன்னொரு வகை. படகின் முன்பக்கமான அணியத்தின் நுனியிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசப்பட்டால், சுக்கானை நேராகப் பிடித்தாலும் படகு ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் அதுதான். இதை யாராலும் நிமிர்த்த முடியாது; படகைத்தான் மாற்ற வேண்டும்.

விரிசல் எந்த மாதிரி ஓடுகிறது என்று பார்ப்பது மிக முக்கியம், ஏனென்றால் "எங்கேயோ இடித்துவிட்டீர்கள்" என்பதுதான் பட்டறையின் முதல் பதிலாக இருக்கும். இடித்த விரிசல் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல விரியும். மெலிந்த அடுக்கு வளைந்து வளைந்து விட்ட விரிசல், உள்ளே இருக்கும் கட்டைகளை ஒட்டி, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். போல்ட் துளையிலிருந்து கிளம்பும் விரிசல் என்ஜின் மாட்டியதில் உள்ள தவறைக் காட்டும். கிட்டப் பிடித்து ஒரு படம், முழுப் படகும் தெரிய ஒரு படம் என்று ஒவ்வொரு விரிசலுக்கும் இரண்டாக எடுங்கள்.

என்ஜினும் படகும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். என்ஜின் அதிர்வுதான் பலகையை உடைத்தது என்று படகுக்காரர் சொல்வார். பலகை பலவீனம்தான் அதிர்வுக்குக் காரணம் என்பார் என்ஜின்காரர். பின்பலகைக்கு எத்தனை குதிரைத்திறன் வரை தாங்கும் என்று பட்டறை எழுதிக் கொடுத்திருக்கிறதா, என்ஜின் அதற்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பின்பலகை உயரமும் என்ஜின் கால் நீளமும் பொருந்துகிறதா பாருங்கள். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைக் கால், 20 அங்குலத்துக்கு நெட்டைக் கால். வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் ஓட்டி, சுழற்சி வேகம் கையேட்டில் உள்ள எல்லைக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் புரொப்பெல்லரோ படகின் எடையோ சரியில்லை. நுரை அடைத்த அறைக்குள் நீர் புகுந்து எடை கூடிய படகிலும் இது நடக்கும். கிரேன் தராசில் ஒரு முறை தூக்கி எடை எழுதி வாங்கினால் விஷயம் வெளிச்சமாகிவிடும். எது காரணம் என்று உறுதியாகத் தெரியாத வரை இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். டீலர், படகு கட்டியவர், என்ஜின் கம்பெனி, வெளிநாட்டு என்ஜின் என்றால் அதை இறக்குமதி செய்தவர் என யாரையும் விட வேண்டாம். டீலர் தானே செய்த தவறுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் யார் என்ன தவறு செய்தார் என்பதை மனுவில் தனித்தனியாக எழுத வேண்டும்.

என்ஜின் மட்டும்தான் கெட்டது என்று தெரிந்தால் முழுப் படகின் விலையைக் கேட்காதீர்கள். என்ஜினைப் புதிதாக மாற்றக் கேளுங்கள். அளவுக்கு மீறிய கோரிக்கை மனு முழுவதையும் பலவீனமாக்கிவிடும்.

இப்போது தாள்கள். பில், வாரண்டி அட்டை, வங்கிப் பரிமாற்ற ஆதாரம், படகு எண், என்ஜின் எண் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். விலையில் பாதிக்கு மட்டும் பில் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தால், திரும்பி வருவதும் பில்லில் இருக்கும் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஒவ்வொரு பழுதுக்கும் ஜாப் கார்டு வேண்டும்: கொடுத்த தேதி, சொன்ன புகார், செய்த வேலை, திரும்பி வந்த தேதி. டீலர் ஜாப் கார்டு தராவிட்டால் அன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "பின்பலகைக் கசிவுக்காக நான்காவது முறையாக இன்று படகை உங்கள் பட்டறையில் விட்டிருக்கிறேன்." அவர் "ஓகே" என்று பதில் போட்டாலே அது சாட்சி. பிறகு அதை அச்செடுத்துத் தரும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டும்.

ஜாப் கார்டின் அடியில் "வேலை திருப்தி" என்று அச்சடித்திருக்கும். பலர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதன் மேலே, "கடலில் ஓட்டிப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்" என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நான்கு திருப்திக் கையெழுத்து இருந்தால் நான்கு தடவையும் சரியாகிவிட்டது என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த சாட்சி நீங்களே.

படகை இனி கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். இரண்டாவது, குறை தெரிந்த பிறகும் தொடர்ந்து தொழிலுக்கு ஓட்டினால் படகை ஏற்றுக்கொண்டதாக வாதாட இடம் கொடுக்கிறீர்கள். கரையேற்றி, அடியில் சமமாக முட்டுக் கொடுத்து, வடிகால் திறந்து, தார்ப்பாய் போட்டு வையுங்கள். என்ஜினில் மணிக்கணக்குக் காட்டி இருந்தால் அதைப் படமெடுங்கள். முட்டு சரியில்லாமல் வைத்தால், அங்கே வளைந்துவிட்டது என்று புதுக் காரணம் முளைக்கும். ஊர் ஃபைபர் மேஸ்திரியை வைத்துத் திறக்கவும் கூடாது, நீங்களே துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவும் கூடாது. அப்படிச் செய்தால் வாரண்டியும் போகும், சாட்சியும் போகும்.

அடுத்து வழக்குகள் உடையும் இடம். மீன்பிடிக்க வாங்கிய படகு "வணிக நோக்கம்" இல்லையா, அப்படியானால் நீங்கள் நுகர்வோரே இல்லையே என்று கேட்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரை அதே பிரிவின் விளக்கம் உள்ளே சேர்க்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் இதை விளக்கமாகச் சொன்னது. சொந்தமாக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்றது. உங்கள் படகில் நீங்களே கடலுக்குப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு நேராகப் பொருந்தும். உடன் வருபவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல, பங்குக்கு வருபவர்கள் என்றால் அதை மனுவின் இரண்டாவது பத்தியிலேயே எழுதுங்கள். மீனவர் கூட்டுறவு உறுப்பினர் அட்டை, பயோமெட்ரிக் மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றை இணையுங்கள். வணிக நோக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-ல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும் கைகொடுக்கும்.

தான் கரையில் இருந்துகொண்டு ஆள் வைத்து மூன்று விசைப்படகு ஓட்டும் முதலாளிக்கு இந்த வழி கடினம். அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் சரக்கு விற்பனைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவதே பாதுகாப்பு. தமிழ்நாட்டில் கோரும் தொகைக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். காலவரம்பு மூன்று ஆண்டு. சொந்த உல்லாசத்துக்கு வாங்கிய படகுக்கு இந்தக் கேள்வியே எழாது.

வாரண்டியை மறுக்கச் சொல்லும் மற்ற காரணங்களுக்குப் பதில் சுருக்கமாக. "முதல் சர்வீஸ் விட்டுவிட்டீர்கள்": என்ஜினின் முதல் 20 மணி நேர சர்வீஸை விட்டதற்கும் பின்பலகை ஊறியதற்கும் தொடர்பில்லை, தொடர்பைக் காட்ட வேண்டியவர் அவர். "வாரண்டி முடிந்துவிட்டது": புகார் வாரண்டிக்குள் பதிவாகி, அதே பழுது தொடர்ந்தால் முடிந்த தேதி பொருட்டல்ல. "தகராறை நடுவர் (ஆர்பிட்ரேஷன்) மூலமே தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது": அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று பில்லில் இருக்கிறது": குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக முறை என்று பிரிவு 2(47) சொல்கிறது.

இனி நோட்டீஸ். வக்கீல் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம். வாங்கிய தேதி, விலை, பழுது பார்த்த நான்கு தேதிகள், எத்தனை நாள் படகு பட்டறையில் கிடந்தது, இப்போதைய நிலை இவற்றைத் தேதிவாரியாக எழுதி, 15 நாளுக்குள் அதே அளவில் குறையில்லாத புதுப் படகு அல்லது முழு விலையும் வட்டியும் என்று கேளுங்கள். படகு இன்ன இடத்தில் இருக்கிறது, உங்கள் ஆளை அனுப்பிப் பார்வையிடலாம் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். பார்க்கவே விடவில்லை என்ற பேச்சுக்கு அந்த வரி முடிவு கட்டும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவதும் நல்லதுதான். கம்பெனி பெரியதென்றால் சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர்கள் உத்தரவு போட முடியாது, அதை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

காலவரம்பு இரண்டு ஆண்டு, பிரிவு 69. கடைசி மறுப்பிலிருந்து எண்ணலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கடிதப் போக்குவரத்து காலவரம்பை நீட்டாது என்பதால் குறை முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். உங்களுக்கு ஆறு மாதம்தான் போயிருக்கிறது, நேரம் இருக்கிறது.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் நஷ்ட ஈட்டைச் சேர்த்துக் கணக்கிட வேண்டாம், கொடுத்த விலை மட்டும்தான் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. டீலர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், காணொளி மூலம் ஆஜராகவும் கேட்கலாம்.

மனுவில் கேட்பதை மாற்று வரிசையில் கேளுங்கள்: முதலில் விலையும் வட்டியும், அது இல்லையென்றால் புதுப் படகு, எப்படியும் வருமான இழப்புக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு, பழைய படகை அவர்கள் செலவில் எடுத்துப்போக உத்தரவு. ஒன்றை மட்டும் கேட்டு அது நிராகரிக்கப்பட்டால் கை வெறுமையாகிவிடும். 2019 சட்டத்தில் வந்த "தயாரிப்புப் பொறுப்பு" என்ற புது அத்தியாயத்தை மட்டும் நம்பி மனு எழுதுபவர்களும் உண்டு, அது தவறு. அந்த அத்தியாயத்தில் வரும் "தீங்கு" என்பதில் பொருளுக்கே வந்த சேதம் சேராது. குறையுள்ள படகு கவிழ்ந்து ஆளுக்குக் காயமோ வேறு சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால்தான் அது உதவும்.

மனுவோடு சேர்த்தே இன்னொரு மனுவும் கொடுங்கள்: படகைப் பரிசோதிக்க நிபுணரை நியமிக்க வேண்டும் என்று. கண்ணால் பார்த்துத் தெரியாத குறையை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை பெற பிரிவு 38 வழி செய்கிறது. கட்டணத்தை நீங்கள் முதலில் கட்ட வேண்டும். அரசு நிறுவனமாக இருந்தால் அறிக்கைக்கு மதிப்பு அதிகம். பாலிமர், ஃபைபர் பரிசோதனைக்குச் சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மீன்பிடிப் படகு பற்றியே ஆராயும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில் இருக்கிறது. நிபுணரிடம் "படகு நன்றாக இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்க விடாதீர்கள். கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்: பின்பலகையின் உள்பலகையில் ஈரம் எவ்வளவு, அடுக்கின் தடிமன் எவ்வளவு, கடினம் எவ்வளவு, துண்டை உலையில் எரித்துப் பார்த்தால் கண்ணாடி இழை எத்தனை சதவீதம், இந்தக் குறை கட்டும்போதே வந்ததா அல்லது பயன்பாட்டில் வந்ததா, சரிசெய்ய முடியுமா, முடிந்தால் செலவு எவ்வளவு. கடைசி இரண்டு கேள்விகள்தான் தீர்ப்பை எழுதும். துண்டு வெட்டும்போது இரு தரப்பும் இருக்க வேண்டும், அங்கேயே முத்திரை வைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியிருக்கிறது. 46-ம் நாள் பதில் வந்தால் ஏற்கக் கூடாது என்று எழுந்து சொல்லுங்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் முயலச் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

வருமான இழப்பைப் பெரும்பாலோர் ஒரு மொத்தத் தொகையாக எழுதிவிடுகிறார்கள். ஆணையம் அதில் சொற்பமே தரும். ஏலக் கூடச் சீட்டு, சங்கக் கணக்கு, டீசல் அல்லது மண்ணெண்ணெய் பில், வங்கி வரவு இவற்றை வைத்துப் படகு ஓடிய நாட்களின் சராசரி நிகர வருமானத்தைக் கணக்கிட்டு, பட்டறையில் கிடந்த நாட்களால் பெருக்குங்கள். விசைப்படகு என்றால் தடைக்காலத்தைக் கழிக்க வேண்டும்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கழிக்காமல் விட்டால் மற்றக் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

கடன் வாங்கி வாங்கியிருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் டீலருக்கும் உள்ள கணக்கு வேறு. தவணை நின்றால் குறையுள்ள படகோடு கெட்ட கடன் பெயரும் வந்து சேரும். கட்டிய வட்டியை நஷ்ட ஈட்டில் கேளுங்கள். மானியத்தில் வாங்கியது என்றால், படகையோ என்ஜினையோ திருப்பிக் கொடுப்பதற்கு முன் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதிவுச் சான்றில் என்ஜின் எண் இருக்கிறது. சொல்லாமல் மாற்றினால் மானியப் பொருளை விற்றுவிட்டதாக உங்கள் மேல் கேள்வி வரும்.

வழக்கு நடக்கும்போது சமரசத்துக்கு வருவார்கள். வருவது நல்லது. முதல் விசாரணையிலேயே மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சட்டத்திலும் இடமுண்டு. பின்பலகையை முழுதாகப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றால், நிபுணர் அறிக்கை அடுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்; புது வேலைக்குத் தனியாக இரண்டு ஆண்டு எழுத்து உத்தரவாதம், நிபுணர் முன்னிலையில் கடல் ஓட்டம், இழந்த நாட்களுக்குத் தொகை இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். அடுக்கே இறுகவில்லை என்று அறிக்கை சொன்னால் எந்தப் பழுதுக்கும் ஒப்ப வேண்டாம். சமரசத்தை ஆணையத்தின் உத்தரவாகவே பதிய வையுங்கள். வெளியில் எழுதிய தாளை நிறைவேற்ற மறுபடி வழக்குப் போட வேண்டியிருக்கும்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தால் அவர்கள் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கட்டவுமில்லை, மேல்முறையீடும் இல்லை என்றால் பிரிவு 71-ல் நிறைவேற்ற மனுவும் பிரிவு 72-ல் தண்டனைக்கான மனுவும் கொடுங்கள். ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்பதைப் பார்த்ததும் பணம் வருவதுண்டு. பணம் கணக்கில் ஏறிய பிறகே படகை ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது படகு எண், என்ஜின் எண், தேதி எழுதிய ரசீது வாங்கி, அதன் நகலோடு பதிவை ரத்து செய்ய மீன்வளத் துறையிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் அதே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.